நைனாவின் தூண்டிலுக்கு மூன்று அமுக்கு

போன மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஸ்பிரிங் சோதிக்கப் புது மிஷின் வந்திருக்கிறதாம். ஸ்பிரிங்கை வைத்துப் பொத்தானைத் தட்டினால் போதும், அதுவே அமுக்கி, அதுவே அளந்து, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போட்டுவிடுமாம். "சார், நீங்க இத்தனை வருஷம் கையாலயே பண்ணீங்களே. பார்த்ததுலயே கஷ்டமான இன்ஸ்பெக்ஷன் எது? எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டறோம்" என்றார்கள். ரயில் ஸ்பிரிங், லாரி ஸ்பிரிங் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. "தூண்டில்" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருக்கலாம். அதெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது, முட்டிதான் கொஞ்சம் வலிக்கிறது.

நான் கோவில்பதாகைக்காரன். ஐ.டி.ஐ. முடித்தேன், இரண்டு வருஷம் அப்ரண்டிஸாக எண்ணெயும் பிசுக்குமாகத் திரிந்தேன், எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் சேர்ந்தேன். காலையில் ஆவடி ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து பட்டரவாக்கம் வரை ஒற்றைக்காலில் ரயில். படிப்பு, பயிற்சி எல்லாம் இந்த நாலு வரியில் அடங்கிவிடும். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதெல்லாம் வரதராஜன் சாரிடம்.

வரதராஜன் சார் எங்கள் இன்ஸ்பெக்ஷன் சூப்பர்வைசர். எப்போதும் வெள்ளைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு சிவப்புச் சாக்குக்கட்டி. கழிக்க வேண்டிய பீஸில் பெருக்கல் குறி போடுவதற்கு. வருஷம் முழுக்க அந்தப் பை சிவந்தே கிடக்கும். அவர் வீட்டம்மா எப்படித்தான் துவைத்தாரோ, பாவம். கம்பெனியில் மனுஷன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக எல்லோரையும் "டேய்", "வாடா", "போடா" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "ஏழுமலை சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்றால் உன் கதை கந்தல் என்று அர்த்தம்.

எனக்கு இது தெரியாது. சேர்ந்த முதல் மாதம். ஒரு கூடை ஸ்பிரிங்கை அளந்து "சரி" என்று சீட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "ஏழுமலை சார், கொஞ்சம் வர்றீங்களா?" அடடா, சேர்ந்த ஒரே மாதத்தில் சார் ஆகிவிட்டோமே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எத்தனை தடவை அமுக்கினீங்க சார்?"

"ஒரு தடவை சார்."

"அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கும் பிரஸ்ஸில் வைத்தார். புதிதாகச் சுருட்டிய ஸ்பிரிங் விறைப்பாக, இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கும். முதல் அமுக்கில் அது காட்டுகிற பலம் நிஜமான பலம் இல்லை. சுருளோடு சுருள் ஒட்டும்வரை முழுசாக ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை அமுக்கி விடவேண்டும். ஒவ்வொரு அமுக்குக்கும் கொஞ்சம் குட்டையாகும். மூன்றுக்கப்புறம் நின்றுவிடும். நாலாவது அமுக்கில் காட்டுகிற பலம்தான் வண்டியில் போட்டாலும் இருக்கிற பலம். அதைத்தான் எழுத வேண்டும். அவர் அமுக்க அமுக்க, நான் "சரி" போட்ட ஸ்பிரிங் என் கண் முன்னாலேயே குட்டையாகிக்கொண்டு வந்தது. சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டி வெளியே வந்தது. கூடை முழுவதையும் இரண்டு நாள் நானே அமுக்கினேன். தோள்பட்டை வீங்கிப்போய், சட்டை போட அம்மா உதவ வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மூன்று அமுக்கு இல்லாமல் நான் ஒரு ஸ்பிரிங்கையும் விட்டதில்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இனி தூண்டில்.

தொண்ணூறுகள் பிறந்த புதிது. ஒரு நாள் காலையில் என் அப்பா முனுசாமி, எங்கள் வாயில் நைனா, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து சொம்பு விழுந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. வலது பக்கம் பூராவும் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். கால் திரும்பி வந்தது. நாக்கும் திரும்பி வந்தது, பழைய வசவு ஒன்றுவிடாமல். வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் லேசாக மடங்கும், அவ்வளவுதான்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தினமும் அந்தக் கையால் பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், சுழற்ற வேண்டும். சில மாதத்துக்குள் செய்தால் கை வரும். விட்டுவிட்டால் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நைனா அதைத் தெருநாய்க்குத் தூக்கிப் போட்டார். "பந்து வெச்சி ஆட நான் இன்னா பாப்பாவா?"

அதைவிடப் பெரிய சங்கடம் சாப்பாடு. இடது கையால் சோறு எடுக்க மாட்டார். "அந்தக் கையால துன்றதுக்கு நான் பட்னி கெடப்பேன்." அம்மா ஊட்டினால் நாலு வாய் வாங்குவார், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஏர் பிடித்த உடம்பு. நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற பிறகும், தன் தட்டைத் தானே கழுவி வைக்கிற ஆள். பெண்டாட்டி கையால் குழந்தை மாதிரி வாங்கிச் சாப்பிட அவருக்கு உயிர் போனது. இரண்டு மாதத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. "கை கெடக்கட்டும், இப்படியே போனா ஆளே தங்கமாட்டார்" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நைனாவுக்கு உலகத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது. கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். மூங்கில் தூண்டிலுக்கு இரண்டு கையும் வேண்டும், மீன் கடித்ததும் ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். ஒரு நாள் அவர் கூரையில் செருகியிருந்த கழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கம்பெனி காலண்டரில் ஒரு வெள்ளைக்காரன் மீன் பிடிக்கிற படம் இருந்தது. அவன் தூக்கவில்லை, ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான். இடது கையில் ராடைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்று! டாக்டர் கேட்ட அதே வேலை. பந்தை அழுத்தாத மனுஷன் மீனுக்காகச் சுற்றுவாரே.

நான் யார்? இன்ஸ்பெக்டர். சும்மா போய் வாங்கிவிடுவேனா? ஜன்னல் கம்பியில் ஒரு வில்தராசைக் கட்டினேன். அதன் மறு முனையில் துணியைச் சுற்றி நைனாவின் வலது கை விரல்களில் மாட்டி, "இழு நைனா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முள் மூன்று கிலோவில் நின்றது.

"இன்னாடா, போதுமா?"

"போதும் நைனா, சூப்பர்" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த நோட்டும் வில்தராசும் கையுமாக பர்மா பஜாருக்குப் போனேன். ரேடியோ, சென்ட், கால்குலேட்டர் கடைகளுக்கு நடுவில் ஒருவர் வெளிநாட்டுத் தூண்டில்கள் வைத்திருந்தார். தராசைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்னா அண்ணாத்தே, மீன் புடிக்கப் போறியா, மீன் விக்கப் போறியா?"

இரண்டு மணி நேரம் அவர் உயிரை எடுத்தேன். ராடின் நுனியில் எடை கட்டி வளைவு பார்த்தேன். ரீலின் கைப்பிடியில் தராசை மாட்டி இழுத்தேன். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நைலான் நரம்பு வருகிறது என்று அளந்தேன். கைக்கு வேலை குறையட்டும் என்று, ஒரே சுற்றில் நிறைய நரம்பு வருகிற ரீலாக எடுத்தேன். சுற்றக் கொஞ்சம் கனம்தான், ஆனால் மூன்று கிலோ இழுக்கிற கைக்கு அது தாராளம். ஏழடி ராடு, பளபளவென்று ரீல். கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மடக்கு நாற்காலி, மண்புழு, எல்லாம் தயார். அக்கம்பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். நரம்பை நானே வீசி, ராடை அவர் இடது கையில் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துத் தக்கை அமுங்கியது. "சுத்து நைனா!"

சுற்றினார். ஒன்று, இரண்டு. மூன்றாவது சுற்றில் கை நடுங்கியது. நாலாவதில் பாதியில் நின்றது. ரீல் கைப்பிடி நுனியிலிருந்த சின்னக் குமிழ் விரலிலிருந்து வழுக்கியது. நரம்பு தளர, மீன் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. யாரோ "அய்யோ பாவம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான். நைனா இடது கையால் ராடை ரீலோடு தூக்கி ஏரியில் வீசினார்.

"இன்னா பொம்மை வாங்கியாந்து என்னை நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்தறே? இட்டுகினு போடா ஊட்டுக்கு."

பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ராடைத் தேடி எடுத்தேன். அன்று மத்தியானம் நைனா நாலு வாய் கூட வாங்கவில்லை.

அந்த வாரம் எனக்கு வேலையில் புத்தி இல்லை. வியாழக்கிழமை காதில் விழுந்தது: "ஏழுமலை சார், கொஞ்சம் வர்றீங்களா?" மேஜை மேல் நான் "சரி" போட்ட ஸ்பிரிங்கில் பாதி சிவப்புப் பெருக்கல். பத்து வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. "உடம்பு சரியில்லீங்களா சார்?" என்றார். நைனாவின் கை, சாப்பாடு, தராசு, ரீல், ஏரி எல்லாவற்றையும் கொட்டினேன். "தப்பு எங்கன்னே தெரியல சார். மூணு கிலோ. என் கண்ணால பார்த்து எழுதினேன்."

வரதராஜன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க அப்பாவை எத்தனை தடவை அமுக்கினீங்க, ஏழுமலை சார்?"

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. எட்டணா ஸ்பிரிங்கை மூன்று அமுக்கு இல்லாமல் நம்பாதவன், பெற்ற அப்பாவை முதல் இழுப்பிலேயே எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அந்தத் தராச இழுத்துட்டு ராத்திரி பூரா கை வலின்னு தூங்கல. எண்ண போட்டு உருவி உட்டேன். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சி" என்றாள்.

ஞாயிறு காலை வரதராஜன் சார் வெள்ளைச் சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "வணக்கம் முனுசாமி சார். எப்படி இருக்கீங்க?"

நைனா என் பக்கம் குனிந்தார். இந்த மனுஷனின் மரியாதையைப் பற்றி நான் பல தடவை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "இன்னாடா, என்னை சாரு போட்டுக் கூப்புடறாரு? நானும் ரிஜெக்டா?"

வரதராஜன் சாருக்குக் காதில் விழுந்துவிட்டது. நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு நைனாவின் எதிரில் உட்கார்ந்து, ஸ்பிரிங் விஷயத்தை முழுசாக விளக்கினார். முதல் அமுக்கு, இரண்டாவது, மூன்றாவது, எதற்கு நாலாவதை எழுதுகிறோம் என்பது வரை. கேட்டு முடித்ததும் நைனா தானாகவே வலது கையை நீட்டினார்.

"கட்டுடா தராசை."

முதல் இழுப்பு மூன்று கிலோ. இரண்டாவது இரண்டு. மூன்றாவது ஒன்றேகால். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு நாலாவது இழுத்தார். ஒரு கிலோ. முள்ளை அவரே எட்டிப் பார்த்தார்.

"ஒரு கிலோதானா?" என்றவர் வரதராஜன் சாரைப் பார்த்தார். "நெல்லு மூட்டை தூக்கின கை சார் இது."

"ஒரு கிலோ இருக்குல்ல? மூணு கிலோன்னு நம்பித்தான் மீன் போச்சு. ஒரு கிலோவுக்கு ராடு வாங்கினா மீன் வரும்" என்றார் வரதராஜன் சார். சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து நைனாவின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். "இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் இவன் இல்ல, நீங்க. பிடிக்காததுல பெருக்கல் போடுங்க."

மறுபடியும் பர்மா பஜார். கடைக்காரர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடி ஒளியப் பார்த்தார். சமாச்சாரத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. தன் அப்பாவுக்கும் இப்படித்தான் இழுத்துக்கொண்டதாம். "மூணு ரீலு, ரெண்டு ராடு எடுத்துகினு போ அண்ணாத்தே. நைனாவுக்கு எது ஆவுதோ வெச்சிக்கோ, மத்ததைக் கொண்டாந்து குடு" என்றார். நான் ஈடாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

நைனா மூன்று நாள் இன்ஸ்பெக்ஷன் செய்தார். வாசல் வேப்பமரத்தடியில் அரைச் செங்கல்லை நரம்பில் கட்டி, தரையோடு இழுத்து இழுத்துச் சுற்றினார். கை சோர்ந்த பிறகும் சுற்ற வருகிறதா என்பதுதான் சோதனை. ஏழடி ராடுக்கு முதல் நாளே பெருக்கல். இடது கை மணிக்கட்டுக்கே கனக்கிறதாம். கோணல்மாணலான பெருக்கல்தான், ஆனால் வலது கையால் போட்டது. அம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய ரீல் ஒன்று கழிந்தது. நடுத்தர ரீலில் ஒரு நாள் தயங்கி அதையும் கழித்தார். கடைசியில் நின்றது நாலரை அடி ஃபைபர் கிளாஸ் ராடும், மூடி போட்ட ஒரு சின்ன ரீலும். நரம்பு வீச இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கி விட்டால் போதும், ஆள் துணை வேண்டாம். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் நரம்பு வரும், ஆகவே சுற்ற லேசு. மேட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் சின்னச் சின்ன மிதியாகப் போவதுபோல. கையை எடுத்தாலும் பின்னால் ஓடாமல் அப்படியே நிற்கும். நடுவில் இளைப்பாறலாம்.

ஒரே குறை, அந்தக் குமிழ் பட்டாணி சைஸ். நைனா சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தக் கட்டையை எட்றா." அம்மாவின் பூரிக்கட்டை. ஒரு முனையை அறுத்து, துளை போட்டு, குமிழுக்குப் பதில் மாட்டினேன். உள்ளங்கைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"பூரி எதுலடா தேய்க்கறது?" என்றாள் அம்மா.

"ஏரிக்கு வா, அங்க தேய்ச்சித் தரேன்" என்றார் நைனா. மூன்று மாதத்தில் அம்மாவிடம் அவர் அடித்த முதல் கிண்டல் அது. அம்மாவுக்குக் கோபப்படத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வரதராஜன் சாரும் ஏரிக்கு வந்தார். வீசியது நைனாவே. தக்கை அமுங்கியது. நைனா அவசரப்படவில்லை. ஐந்து சுற்று, நிறுத்தம், மூச்சு. ஐந்து சுற்று, நிறுத்தம். ரீல் பிடித்த பிடியை விடவில்லை. கரையோரம் தண்ணீர் சலசலத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளியது. "டேய் ஏழுமலை, மசமசன்னு நிக்கறியே, எடுடா மீனை!" என்று வரதராஜன் சார் கத்தினார். அந்த "டேய்" என் காதில் தேனாக விழுந்தது.

ஒரு மீனில் கை வந்துவிடும் என்று நான் புளுகமாட்டேன். நாலு மாதம் ஆனது. காலையும் மாலையும் ஏரி. புழு கிடைக்காத நாளில் வெறும் நரம்பை வீசி வீசிச் சுற்றுவார். "முனுசாமி தண்ணியவே புடிக்கிறாருப்பா" என்று ஊர் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மாதம் ஒருமுறை தராசைக் கட்டச் சொல்வார். மூன்று இழுப்பை அவரே எண்ணிக் கழிப்பார், நாலாவதை மட்டும் எழுதவிடுவார். ஒரு கிலோ ஒன்றரையானது, இரண்டைத் தொட்டது.

ஒரு மத்தியானம். அவர் பிடித்த கெண்டையில் குழம்பு. அம்மா தட்டில் சோறு போட்டு, பிசைந்து, ஊட்ட உட்கார்ந்தாள். நைனா இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வலது கையைச் சோற்றில் வைத்தார். விரல்கள் மெதுவாகக் கூடின. முதல் வாயில் பாதி வேட்டியில் கொட்டியது, மீதி வாய்க்குப் போனது.

அம்மா விசும்பினாள். நான் "நைனா!" என்று எழுந்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு எகிர்றே? குந்து" என்றார். "மொத வாயைப் பாத்துட்டு பாஸ் போட்டுடுவியா? இன்னா இன்ஸ்பெக்டர்டா நீ?"

உட்கார்ந்தேன். இரண்டாவது வாய். நாலைந்து பருக்கை சிந்தியது. மூன்றாவது வாய். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு துண்டு மீனைத் தானே கிள்ளி, முள்ளை ஒதுக்கி, சோற்றோடு சேர்த்து உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்போ எழுதிக்கோ."